மனோன்மணீயத்தைப் படம் போட்டு நடத்தப் போய் 14,200 ரூபாய் விட்ட கதை

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு முழு நாடகத்தைப் படங்கள் வழியாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று துணிந்தபோது, இதை முன்பே செய்து பார்த்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் முதல் வருஷம் அப்படி வீணாகப் போயிருக்காது. சொந்தக் கையிலிருந்து போனது 14,200 ரூபாய். வகுப்பு நேரத்தில் 23 பீரியட். அரையாண்டுத் தேர்வு வந்து நின்றபோது இலக்கணம் பாதி அப்படியே கிடந்தது, தலைமையாசிரியர் அறையில் நின்று வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. பணத்தைவிட அந்தப் பத்து நிமிஷம்தான் இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் அடுத்த இரண்டு வருஷத்தில் அதே நாடகத்தை ஒன்பது பீரியடில், 1,150 ரூபாய்க்குள், பிள்ளைகள் வரி வரியாகப் பேசும்படி நடத்த முடிந்தது. நடுவில் எது மாறியது என்பதைத்தான் எழுதுகிறேன். தமிழாசிரியர், ஓவிய ஆசிரியர் யாருக்காவது பயன்படட்டும்.

இடம் கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம். பிள்ளைகள் வீட்டில் பேசுவது பாதி தமிழ், பாதி மலையாளம். நாடகம், பெ. சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயம். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான நாடகம் கிடையாது. எழுதியவர் ஆலப்புழையில் பிறந்து திருவனந்தபுரத்தில் பேராசிரியராக இருந்தவர். கதையில் சண்டை மூள்வதோ நாஞ்சில் நாட்டுக்காக. ஐந்து அங்கம், இருபது களம், பெரும்பாலும் ஆசிரியப்பா. மேடைக்காக என்பதைவிடப் படிப்பதற்காக எழுதிய நாடகம், அதனால் யார் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதெல்லாம் வாசிக்கிறவன் மனக்கண்ணில்தான் விரிய வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அது விரிவதில்லை. படம் தேவைப்படுவது அங்கேதான்.

முதல் தப்பு படத்தை விலைக்கு வாங்கியது. ஊரில் பேனர் வரைகிற ஒரு ஓவியரிடம் ஆறு காட்சிகளைச் சொல்லி, பெரிய சார்ட்டில் வரையச் சொல்லி 6,000 ரூபாய் கொடுத்தேன். அருமையாகத்தான் வரைந்து கொடுத்தார். பாண்டிய ராஜா ஜீவகன் சிம்மாசனத்தில், அவனுக்குத் துரோகம் நினைக்கிற மந்திரி குடிலன் கைகட்டி, ராஜாவின் குரு சுந்தர முனிவர் தாடியோடு. சுவரில் மாட்டியதும் வகுப்பே வாய்பிளந்தது. மூன்று வாரம் கழித்துக் குடிலன் எப்படிப்பட்டவன் என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னால், நாற்பத்திரண்டு தாளில் முப்பதுக்கு மேல் முறுக்கு மீசையையும் சிவப்பு அங்கவஸ்திரத்தையும் வர்ணித்திருந்தன. நாடகத்தில் மீசையைப் பற்றி நான் நடத்திய பகுதியில் ஒரு சொல்கூட இல்லை. பிள்ளைகள் படித்தது ஓவியரை, சுந்தரம் பிள்ளையை அல்ல. முடிந்த படத்தைக் கையில் கொடுத்தால் கண் அதிலேயே நின்றுவிடும், பிறகு பாட்டுக்குத் திரும்பாது. இதே காரணத்துக்காகத்தான் போனில் தேடி எடுத்த படத்தை ஒட்டுவதையும் இப்போது அனுமதிப்பதில்லை. எல்லா ராஜாவும் ஒரே சினிமா ராஜாவாகத்தான் வருகிறார்கள்.

இப்போது வகுப்பில் உள்ள சட்டம் ஒன்றே ஒன்று: வரி இல்லாமல் படம் இல்லை. படத்தின் கீழே நாடகத்து வரியைப் பிள்ளையே தன் கையால் எழுத வேண்டும். படத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அந்த வரியில் ஒரு சொல்லைக் காட்ட வேண்டும். காட்ட முடியாததை அழிக்க வேண்டும், அவ்வளவுதான். கேட்க எளிதாக இருக்கும், ஆனால் முதல் நாள் அழிரப்பர் தேய்ந்து போகும்.

இதைப் பழக்குவதற்கு நாடகத்தின் கதைக்குள் போகவே வேண்டாம். தினமும் காலையில் பாடுகிற பாட்டிலிருந்து தொடங்குங்கள். 'நீராருங் கடலுடுத்த' இந்த நாடகத்தின் முன்னால் இருக்கிற வாழ்த்துதான் என்று சொன்னாலே பாதிப் பேருக்கு ஆச்சரியம். முதல் வரிகளை மட்டும் கரும்பலகையில் எழுதி, 'இதை வரை' என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். எல்லாரும் காலண்டரில் வருகிற மாதிரி பட்டுச்சேலைப் பெண்ணை வரைவார்கள். அப்புறம் ஒவ்வொரு சொல்லாகக் கேளுங்கள். உடுத்தியிருப்பது என்ன? கடல். அப்படியானால் சேலை எதற்கு, அழி. முகம் எது? பரத கண்டம். பிறை நுதல், அதாவது நெற்றி? தெக்கணம். நெற்றித் திலகம்? திராவிட நாடு. இப்போது அட்லஸை எடுத்து வைத்து, வரைபடத்தின் மேலேயே முகத்தை வரையச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷத்தில் யாராவது ஒருவர் திணறுவார். எங்கள் வகுப்பில் ஒரு பையன், 'சாரே, நெத்தி கீழ வருது, இது தலைகீழாட்டுல்லா நிக்குது' என்றான். வடக்கு மேலே இருக்கும் வரைபடத்தில் தெக்கணம் கீழே, அதற்கும் கீழே திலகம். அட்லஸைத் திருப்பிப் பிடித்தால்தான் நெற்றி மேலே வருகிறது. வகுப்பே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பார்த்தது. வருஷக்கணக்காக வாயால் பாடிய பாட்டை அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். சுந்தரம் பிள்ளை அப்படி நினைத்தாரா என்பது வேறு விஷயம். வரியை நம்பி வரைந்தால் வரி கேள்வி கேட்கும் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது, நமக்கு வேண்டியது அது. இதற்கு ஒரு பீரியட் போதும், செலவு ஒன்றுமில்லை.

வரி தேர்ந்தெடுப்பதில் நிறையப் பேர் சறுக்குகிறோம். ஒரு களம் முழுவதையும் கொடுக்காதீர்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வரி, அவ்வளவுதான். முதல் நாளே சந்தி பிரித்து, பெரிய எழுத்தில் நகல் எடுத்துக் கொடுங்கள், பக்கத்தில் மூலமும் இருக்கட்டும். ஆசிரியர் ஒருமுறை, பிள்ளை ஒருமுறை சத்தமாக வாசித்த பிறகுதான் பென்சில். கண்ணுக்குத் தெரிகிற பெயர்ச்சொல்லுக்குக் கோடு, அசைவு காட்டும் வினைச்சொல்லுக்கு வட்டம். கோடும் வட்டமுமாகக் குறைந்தது நான்கு தேறாத பகுதி படத்துக்கு ஆகாது, விட்டுவிடுங்கள். தத்துவமாகப் பேசுகிற இடங்களை வரையச் சொன்னால் வெறும் கண்ணீரும் சூரியனும்தான் வரும்.

நாடகத்தில் வருகிற நடராஜன் என்ற இளைஞன் வாய்க்கால் ஓரம் நின்று புல்லையும் நாங்கூழ்ப் புழுவையும் பார்த்துப் பேசுகிற இடம் இதற்குக் கிடைத்த தங்கம். புழுவை உழுவோருக்கெல்லாம் வேந்து என்று புகழ்கிறான். நாங்கூழ் என்றால் என்ன என்று கேட்டதும் தமிழ் நன்றாக வருகிற பிள்ளைகள் முழித்தார்கள். வீட்டில் மலையாளம் பேசுகிற ஒரு பெண் மெதுவாக, 'ஞாஞ்ஞூலா சாரே?' என்றாள். மலையாளத்தில் இன்றும் மண்புழுவுக்கு அதுதான் பேர். தமிழ் சரியாக வராது என்று பின்பெஞ்சில் ஒதுங்கி இருந்த பிள்ளைதான் அன்று வகுப்புக்கு அகராதி. எல்லையில் இருக்கிற ஆசிரியர்கள் இந்த வசதியை வீணடிக்காதீர்கள், பழைய சொல் வரும்போது வீட்டு மொழியில் கேட்டுப் பாருங்கள். வரையும்போது புழுவின் கண் மட்டத்தில் வரையச் சொன்னோம். தாளின் அடியில் முக்கால் பங்கு மண், மேலே ஒரு விரல்கடை உயரத்தில் ஆள். புழு பெரிதாகவும் மனிதன் சிறிதாகவும் வந்ததும், வேந்து என்ற சொல்லை விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று.

அடுத்து வரைபடம். பாண்டியன் ஜீவகன் மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை கட்டி உட்கார்ந்திருக்கிறான். சேரன் புருடோத்தமன் இருப்பது திருவனந்தபுரத்தில். இடையில் நாஞ்சில் நாடு. ஒரு பழுப்புத் தாளில் இந்த மூன்று புள்ளியையும் வைத்து, ஆரல்வாய்மொழிக் கணவாயையும் மலையையும் போட்டு, படை எந்த வழியாக வந்திருக்கும் என்று நூல் ஒட்டச் சொன்னால் போதும். நாஞ்சில் நாடு என்றால் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். 'அப்ப சேரன் பட நம்ம ரோடு வழியாட்டுத்தான் போயிருக்கும்' என்று நூலை இழுத்துக்கொண்டே ஒருத்தி சொன்னாள். அதற்குப் பிறகு குடிலனின் மகன் பலதேவன் தூது போகிற இடம் யாருக்கும் தூக்கம் வரவழைக்கவில்லை. ஒன்று மட்டும் எச்சரிக்கை: இது கற்பனை நாடகம், சரித்திரம் இல்லை என்பதை வரைபடத்தின் மூலையிலேயே எழுதி வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சமூக அறிவியல் தேர்வில் புருடோத்தமன் படையெடுப்பு வந்து நிற்கும். வந்தது.

சுற்றுலாவில் போன காசைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பத்மநாபபுரம் அரண்மனை நமக்குப் பக்கம், அங்கே உப்பரிக்கை மாளிகையின் மேல்தளத்தில் சுவரோவியங்கள் உண்டு, ஒரு காட்சியைச் சுவரில் எப்படி அடைக்கிறார்கள் என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று இரண்டு வேன் பேசினேன், 4,400 ரூபாய். கிளம்பியது ஒரு திங்கட்கிழமை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ள இடம், ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம், விசாரிக்காதது முழுக்க என் தப்பு. பூட்டிய கதவுக்கு முன்னால் எண்பத்து நான்கு கண்கள் என்னையே பார்த்தன. இன்னொன்றும் அப்புறம்தான் தெரிந்தது: ஓவியம் இருக்கிற அந்த மேல்தளத்துக்குப் பொதுவாக எல்லாரையும் விடுவதில்லை. ஆகவே போகிறவர்கள் நாளை மட்டும் பார்த்தால் போதாது, எதைப் பார்க்கப் போகிறோமோ அதற்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டுவிட்டு வேன் பேசுங்கள். நல்ல அச்சில் வந்த ஒரு படத்தை வகுப்பில் காட்டினாலே பாதிக் காரியம் நடந்துவிடும்.

வண்ணத்தில் போனது மிச்சம் 3,800. ஆளுக்கொரு போஸ்டர் கலர் பெட்டி, சாதாரண சார்ட். நம் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்கிற இடம். அக்டோபரில் தொடங்கினேன். சார்ட் காகிதம் தண்ணீரைக் குடித்து அப்பளம் மாதிரி வளைந்தது, வண்ணம் காய நான்கு நாள் ஆனது, காயும் முன்னே அடுக்கி வைத்ததில் எட்டு பத்துப் படம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிழிந்தது, மீதியில் பூசணம். பிறகு கண்டுபிடித்தது, கேரளச் சுவரோவியத்தின் சிக்கனம்தான்: சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு, வெள்ளை, ஐந்தே நிறம். பழுப்புத் தாளில் கரியும் வெள்ளைச் சாக்பீஸும் கொண்டு முழுப்படத்தையும் முடித்துவிட்டு, நிறம் முக்கியமான ஒரு இடத்தில் மட்டும் வண்ணம். ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற செங்காவி, மஞ்சள் காவிப் பொடி 100 கிராம் வாங்கினால் ஒரு வகுப்புக்குத் தாராளம். ஒரு கரண்டி ஃபெவிகாலை நான்கு கரண்டி தண்ணீரில் கரைத்து, பொடியைத் தோசைமாவுப் பதத்துக்குக் குழைத்தால் உதிராமல் பிடிக்கும். கெட்டியாகப் பூசினால் தாளைச் சுருட்டும்போது வெடிக்கும். சமையல் மஞ்சளை வண்ணமாகப் பயன்படுத்த வேண்டாம், வெயில் பட்டால் வெளுக்கும், மேலே சுண்ணாம்பு வெள்ளை பட்டால் சிவந்துபோகும். ஒரு குழு வரைந்த ஜீவகன் மகள் மனோன்மணியின் முகம் அப்படித்தான் ஒரே ராத்திரியில் குங்குமமாகி நின்றது. சாக்பீஸ் உதிராமல் இருக்க, சாதம் வடித்த கஞ்சியை நன்றாக நீர்விட்டு, அழுத்தித் தெளிக்கிற மூடி வைத்த பாட்டிலில் லேசாகத் தெளியுங்கள். கெட்டிக் கஞ்சி தெளித்தால் எறும்பு வரும்.

இத்தனையிலும் நான் மிகவும் நம்புவது குடிலன் முகமூடியை. ஒரு பேப்பர் பிளேட், ஒரு குச்சி, இரண்டு பக்கமும் வண்ணம், மொத்தம் ஐந்து ரூபாய். யோசனை கதகளியிலிருந்து எடுத்தது. திருவிழாவில் கதகளி பார்த்த பிள்ளைகள் நம் பக்கம் உண்டு. பச்சை என்றால் உயர்ந்த நாயகன், கத்தி என்றால் செருக்குள்ள வில்லன், கரி என்றால் காட்டுத்தனமான கொடியவர், மினுக்கு என்றால் பெண்களும் முனிவர்களும் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். கத்தி வேஷத்தைக் கொஞ்சம் நிறுத்திக் காட்டுங்கள்: முகத்தின் அடிநிறம் பச்சைதான், அதன் மேல் கன்னத்தில் மீசை போலச் சிவப்பு ஏறி நிற்கும், மூக்கிலும் நெற்றியிலும் வெள்ளை உருண்டை. நல்லவன் நிறத்தின் மேலேயே கெடுதல் எழுதிய முகம். இப்போது குடிலனுக்கு என்ன வேஷம் என்று கேளுங்கள். முதலில் எல்லாரும் கரி என்பார்கள். 'கெட்டவன்லா சாரே.' ஏன் என்று வரி கேட்டால், அவன் தனியாக நின்று தன் ஆசையைச் சொல்கிற தனிமொழியைத் தேடி எடுப்பார்கள். அப்போது ஒருவன் எதிர்த்தான்: 'ராஜாவுக்கு அது தெரியாதே. ராஜா பாக்கும்ப அவன் பச்சைதானே.' பீரியட் முழுக்கச் சண்டை. முடிவில்தான் இரண்டு பக்க முகமூடி வந்தது: ஜீவகன் பார்க்கிற பக்கம் பச்சை, நாம் பார்க்கிற பக்கம் கத்தி.

இதை வைத்து வாசிக்கிற முறை இப்படி. ஒருவர் குடிலன் வரிகளை வாசிக்க, இன்னொருவர் முகமூடியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எந்தச் சொல்லில் முகமூடியைத் திருப்ப வேண்டும் என்பதைக் குழு முன்பே முடிவு செய்து, தங்கள் நகலில் அம்புக்குறி போட்டிருக்க வேண்டும். சபையில் ராஜாவிடம் பேசும்போது பச்சை, தனிமொழியில் கத்தி என்பது எளிது. சிக்கல், ஒரே பேச்சுக்குள் பாதியில் வரும் இடங்கள். புகழ்கிற வரியின் அடியில் குத்தல் இருக்கும்போது ஒரு குழு 'என்று' என்ற சொல்லில் திருப்பும், இன்னொரு குழு ஒரு வரி முன்னாலேயே திருப்பும். அந்த ஒரு வரி வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல வைத்தால் அதைவிட நல்ல உரை விளக்கம் எந்த நோட்ஸிலும் கிடைக்காது. பிளேட் வாங்கும்போது பளபளக்கிற பூச்சு போட்டது வேண்டாம், வண்ணம் பிடிக்காமல் வழுக்கிவிடும். வெறும் காகித பிளேட் கேட்டு வாங்குங்கள். குச்சியை ஒரு பக்கம் ஒட்டினால் திருப்பும்போது ஆடும். இரண்டு பிளேட்டுக்கு நடுவில் குச்சியை வைத்து, சுற்றிலும் ஸ்டேப்ளர் போடுவதுதான் உறுதி.

நிழல் நாடகம் போட ஆசைப்படுகிறவர்களுக்கு. பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில் கூத்துமாடங்களில் கம்பராமாயணப் பாட்டைத் தமிழிலேயே பாடித் தோல்பாவைக் கூத்து நடத்துகிறார்கள், திரைக்குப் பின்னால் தேங்காய் மூடிகளில் 21 விளக்கு. அதைச் சொன்னதும் ஒரு பையன் உற்சாகத்தில் வீட்டிலிருந்து நல்லெண்ணெயும் சிரட்டையும் கொண்டு வந்துவிட்டான், நானும் தடுக்கவில்லை. திரையில் ஒரு சாண் கருகியது. கூத்துமாடம் வேறு, வகுப்பறை வேறு. தீ வேண்டவே வேண்டாம்.

டியூப்லைட்டும் ஆகாது. நீளமான விளக்கு நிழலை இரண்டாக மூன்றாக மங்கவைக்கும், பாவையின் விரல்கூடத் தெரியாது. வெளிச்சம் ஒரு புள்ளியிலிருந்து வர வேண்டும், நல்ல போனின் டார்ச்சே போதும். திரைக்குப் பின்னால் ஐந்தடி தூரத்தில், பாவை ஆட்டுகிறவரின் தலைக்குச் சற்று மேலே கட்டுங்கள். நேர்மட்டத்தில் வைத்தால் துணி வழியே விளக்கு ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரிந்து பார்க்கிறவர் கண்ணைக் கூசும். திரைக்கு நாலு முழ வெள்ளைப் பருத்தி வேட்டி, கஞ்சி போடாதது. பாலியஸ்டர் வேண்டாம், மினுங்கும். முக்கால் இஞ்சு பிவிசி குழாயில் சட்டம் செய்து, வேட்டியைத் துணி கிளிப்பால் நாலு பக்கமும் இழுத்துக் கட்டுங்கள். பாவை துணியைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். ஒரு சாண் பின்னால் போனாலே உருவம் பெருத்து ஓரம் கலங்கும், முனிவர் திடீரென்று பெரிதாகத் தெரிய வேண்டிய இடத்துக்கு மட்டும் அந்த வித்தையை வைத்துக்கொள்ளலாம்.

பாவைக்குப் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை அல்லது ஷூ டப்பா. உயரம் 30 செ.மீ., அதற்குக் கீழே போனால் கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. அட்டை வெளிச்சத்தை விடாது, ஆகவே கண், நகை, உடைக்கரை எல்லாம் துளைகளால்தான் வர வேண்டும். அட்டையின் கீழே பழைய ரப்பர் செருப்பை வைத்து, இரண்டு இஞ்சு ஆணியைச் சுத்தியலால் தட்டினால் துளை சுத்தமாக விழும். துளைக்குத் துளை அரை செ.மீ. இடைவெளி விடுங்கள், நெருங்கினால் தபால்தலை மாதிரி கிழிந்துவிடும். அசைவு ஒரு கைக்கு மட்டும் போதும், இரண்டு கையும் கழுத்தும் அசைய வைத்த முதல் பாவைகளைப் பிள்ளைகளால் பிடிக்கவே முடியவில்லை. தோளில் இரண்டு அட்டையையும் நூலால் கோத்து இரு பக்கமும் முடிச்சு. தாங்குகோலுக்கு ஈர்க்கில் வளையும், உடைந்த குடையின் கம்பிதான் சரி. இந்த வேலைக்கு இரண்டு பீரியட் என்று கறாராக வையுங்கள். முதல் வருஷம் பாவை செய்வதே பதினொரு பீரியடை விழுங்கியது, நாடகத்தை வாசித்தது அரை பீரியட்.

வேறு நாடகம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு. காளிதாசனின் சாகுந்தலம் நடத்தினால், மறைமலையடிகள் 1907இல் செய்த தமிழாக்கத்தோடு ரவிவர்மாவின் சகுந்தலை ஓவியத்தைச் சேர்த்து வையுங்கள், காலில் முள் எடுக்கிற சாக்கில் திரும்பிப் பார்க்கிறாளே அதுதான். இங்கே நான் சொன்ன விதிக்கு விலக்கு உண்டு, முடிந்த படத்தைக் காட்டலாம். காரணம், அந்தப் படத்தில் துஷ்யந்தனே இல்லை. மூன்று நிமிஷம் பேசாமல் பார்க்க வைத்து, ராஜா எங்கே என்று மட்டும் கேளுங்கள். அவன் நாம் நிற்கிற இடத்தில் நிற்கிறான் என்று யாராவது சொல்ல நேரம் கொடுங்கள், நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அதன் பிறகு வரிகளைக் கொடுத்தால், காலில் குத்தியது தருப்பைப்புல் என்றும், அவள் நின்றதை ராஜாவே பின்னால் தன் நண்பன் விதூஷகனிடம் சொல்கிறான் என்றும் தாங்களே கண்டுபிடிப்பார்கள். ஓவியம் எதை மாற்றியது என்று தேடுவதற்காகவே வரியை இரண்டு தடவை வாசிப்பார்கள்.

மதிப்பெண் விஷயத்தில் தயவுசெய்து முதல் நாளே வெளிப்படையாக இருங்கள். கை நன்றாக வரைகிற நாலைந்து பிள்ளைகளுக்கே மதிப்பெண் போய், மற்றவர்கள் 'எனக்கு வரைய வராது' என்று கையைக் கட்டிக்கொள்வதுதான் இந்த முறையின் பெரிய நோய். இருபதுக்கு நான் பிரிப்பது: வரியைச் சரியாகத் தேர்ந்ததற்கு எட்டு, படத்தில் உள்ளதை வரியோடு பொருத்திச் சொன்னதற்கு எட்டு, எதை ஏன் வரையாமல் விட்டோம் என்று சொன்னதற்கு மூன்று, சுத்தத்துக்கு ஒன்று. அழகுக்கு ஒன்றும் கிடையாது. தீக்குச்சி மனிதர்களை மட்டும் வரைந்து, யார் யாருக்கு முதுகு காட்டி நிற்கிறார் என்று அம்பு போட்ட ஒரு பையன் பத்தொன்பது வாங்கினான். ராஜாவுக்கு உண்மையாக இருக்கிற நாராயணனை அவன் எப்போதும் குடிலனுக்கு எதிர்ப்பக்கமாகவே நிறுத்தியிருந்தான்.

கடைசியாக, நாடகத்தில் சுந்தர முனிவர் ரகசியமாக வெட்டுகிற சுரங்கம். இதை எந்த வருஷமும் விடமாட்டேன். நான்கு பழுப்புத் தாளைப் பக்கவாட்டில் ஒட்டி நீளப் பட்டையாக்குங்கள். ஒரு ஓரம் முனிவரின் ஆசிரமம், மறு ஓரம் கோட்டை, தரைக்குக் கீழே இரண்டையும் சேர்க்கிற சுரங்கம், பூமியை வெட்டிப் பார்ப்பது போல. இதை அறை முழுக்கச் சுவரில், பிள்ளைகள் தோள் உயரத்தில் ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு களம் முடிந்ததும் ஒரே கேள்வி: இப்போது இந்தச் சுரங்கம் யாருக்குத் தெரியும்? தெரிந்தவருக்கு ஒரு வண்ணப் பொட்டு, ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று பத்து ரூபாய். முதலில் முனிவர் பக்கத்தில் மட்டும் பொட்டு. தோற்றுத் திரும்பிய பின் ஜீவகனுக்கு ஒன்று. பிறகு குடிலன் பெயருக்குப் பொட்டு ஒட்டும்போது வகுப்பில் ஒரு சத்தம் எழும், அதற்காகவே காத்திருப்பேன். கடைசியில் புருடோத்தமன். பொட்டு ஒட்டுகிறவர் அதற்கான வரியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொட்டு இல்லை. மழைக்காலத்தில் பட்டை சுவரைவிட்டுக் கழன்று வரும், செல்லோ டேப்பை நம்பாமல் மேலே ஒரு சணல் கயிறு கட்டித் துணிக்கிளிப்பில் தொங்கவிடுங்கள்.

சென்ற வருஷம் எல்லாப் பொட்டும் ஒட்டி முடிந்த பிறகு ஒரு பெண் எழுந்து போய், முனிவருக்கும் முன்னால், பட்டைக்கு வெளியே சுவரிலேயே ஒரு பொட்டு ஒட்டிவிட்டு வந்தாள். அது யாருக்கு என்று கேட்டதற்கு, 'வாசிக்கியவங்களுக்கு சாரே. நமக்கு முதல்லயே தெரியும்லா' என்றாள். இந்த வருஷம் பட்டை ஒட்டும்போதே அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் இடது ஓரத்தில் ஒரு முழம் காலியாக விடுங்கள், என்னவென்று சொல்ல வேண்டாம்.